இடப்பக்கத் தாழ்ப்பாள்

எங்கள் வீட்டில் சுடுகிற துவக்கு ஒன்று வாங்குவதைப் பற்றிய பேச்சு, புட்டுக்குத் தேங்காய்ப்பூ காணுமா என்று கேட்கிற அதே குரலில்தான் நடந்தது. அதற்கு எண்ணெய் போடவேண்டி வருமா என்று அம்மா கேட்டார். என்ன விலை வரும் என்று அப்பா கேட்டார். பள்ளிக்கூடத்தில் சொல்லலாமா என்று நான் கேட்டேன். கூடாது என்று பெரியவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அப்படி ஒரு ஒற்றுமையை அந்த வீட்டில் அதற்கு முன்பும் நான் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

வாங்க இருந்தவர் சின்னம்மா, அம்மாவின் தங்கை. முப்பதைத் தாண்டியும் கலியாணமாகாதவர். லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தபடி ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்தார். கூட வேலை செய்த வெள்ளைக்காரி ஒருத்தி ஒருநாள் அவரைத் தன்னுடைய சுடும் கிளப்புக்கு அழைத்துப் போனாள். ரயில்பாதை ஓரமாக, ஜன்னல் இல்லாத ஒரு நீளக் கட்டடம். ஒரு முனையில் பாய் விரித்துக் குப்புறப் படுத்து, மறுமுனையில் கறுப்பு வட்டம் அடித்த கடதாசியைச் சுடுவார்கள். கடதாசி சாகாது, கத்தாது; அதில் துளை மட்டும் விழும். இதில் என்னடி இருக்கிறது என்று அம்மா கேட்டதற்குச் சின்னம்மா சொன்னார்: "காதுக்கு மூடி போட்டுவிடுவினம் அக்கா. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருத்தரும் என்னோட கதைக்க ஏலாது."

கிளப்பின் பொதுத் துவக்குகள் புதியவர்களுக்கு உரியவை. பழகுகாலம் முடிந்தவர்கள் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்வதே வழக்கம். அதற்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த பற்றிஸைச் சாப்பிட்டார், மாடிப்படிக்குக் கீழே இருந்த சுவரைத் தட்டிப் பார்த்தார், இரும்புப் பெட்டியைச் சுவரோடு முடுக்கவேண்டும் என்றார். பெட்டியின் திறப்பு சின்னம்மாவைத் தவிர வேறு எவர் கையிலும் இருக்கக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். துவக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாத அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "என்ர வீட்டில நான் திறக்க ஏலாத பெட்டி ஒண்டோ?" என்று பல நாள் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். சின்னம்மா திறப்பைத் தன் சங்கிலியில் கோத்து, சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

அதே கிழமைகளில் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பொருத்தம் பார்த்தாயிற்று, படம் மாற்றியாயிற்று. அடுத்த ஞாயிறு நேரில் பார்க்க வருவதாக இருந்தார்கள். நடுவில் நின்று பேசியவருக்கு, பிள்ளை ஸ்போட்ஸ் செய்வாள் என்று மட்டும் சொல்லப்பட்டிருந்தது.

துவக்கு வாங்கப் போனது அதற்கு எட்டு நாள் முந்திய சனிக்கிழமை. அம்மாவுக்கு ஷிப்ட். என்னைத் தனியே விட ஏலாது என்று கூட்டிப் போனார்கள். அப்பா வந்ததற்குக் காரணம் வேறு: அவர் இல்லாமல் எங்கள் வீட்டார் எதையும் நியாயமான விலைக்கு வாங்கிவிட முடியும் என்பதில் அவருக்கு நம்பிக்கை இருந்ததில்லை.

கடை குரோய்டனுக்கு அப்பால், நாய்த்தீனி விற்கும் கடைக்கும் ஒரு சலவைக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நின்றது. வெளியே மழை, லண்டன் மழை, பெய்கிறதா நிற்கிறதா என்று அதற்கே தெரியாத மழை. உள்ளே எண்ணெயும் ஈரக் கம்பளியும் மணத்தன. சுவரில் பாடம் பண்ணிய ஒரு நரி, தன்னைச் சுட்டவருக்குப் பிறகும் தான் இருக்கிற பெருமையோடு எங்களைப் பார்த்தது. கடைக்காரர் வயதானவர், பின்னல் சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி. பச்சைத் துணி விரித்த மேசையில் மூன்று துவக்குகளைப் பிள்ளைகளைக் கிடத்துவதுபோலக் கிடத்தினார். மூன்றும் பழையவை.

முதல் துவக்கு வாங்குகிறவர்கள் அழகைப் பார்க்கிறார்கள், பார்க்கவேண்டியது நீளத்தை என்றார் அவர். பிடியைத் தோளில் வைத்ததும் கன்னம் தானாக மரத்தில் வந்து படியவேண்டும். கழுத்து துவக்கைத் தேடிப் போகக்கூடாது. பாரம் கூடினால் கை களைக்கும், குறைந்தால் மூச்சுக்கே குழல் ஆடும். இருபத்திரண்டு என்று இவர்கள் சொல்கிற இந்தச் சின்னத் தோட்டா, விளிம்பில் ஊசி பட்டால் வெடிக்கும் வகை. மலிவு, தோளில் உதைக்காது, பழகுகிறவர்களுக்கு இதைவிட வேறு வேண்டாம். ஒவ்வொரு வெடிக்கும் தாழ்ப்பாளைத் தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, இறக்கவேண்டும். இந்தத் தாமதம் நல்லது, யோசிக்க வைக்கும். புதிது வாங்கிக் காசைக் கொட்டாதீர்கள், மிஞ்சுகிறதில் நல்ல தோள்வாரும் படுக்க ஒரு பாயும் வாங்குங்கள்.

அவர் சொன்ன தாழ்ப்பாள் எனக்கு உடனே விளங்கியது. எங்கள் கழிப்பறைக் கதவில் இருந்ததும் அதேதான்.

அப்பா மூன்றையும் கார் பார்ப்பதுபோலச் சுற்றிவந்து பார்த்தார். ஒன்றின் மரத்தில் நகத்தால் சுரண்டினார். பிறகு என்னிடம் மெதுவாக, "எத்தினை மைல் ஓடினது எண்டு கேள்" என்றார். நான் கேட்டேன். கடைக்காரர் கொஞ்சம் யோசித்து, குண்டுகள் நிறைய ஓடியிருக்கும், துவக்கு பக்கத்து ஊரான சட்டனிலிருந்து இங்கே வந்த தூரம்தான் என்றார். அந்தப் பதிலில் அப்பா திருப்தியடைந்தார். ஒரே சொந்தக்காரரா என்பதையும் கேட்டு உறுதிசெய்தார்.

சின்னம்மா இதிலொன்றும் கலந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு துவக்காக எடுத்து வலத்தோளில் வைத்தார், கன்னத்தைச் சாய்த்தார், கழுத்தை நீட்டினார், வைத்துவிட்டார். புதுச் செருப்பு வாங்குகையில் கடிக்கிறது என்று சொல்ல வெட்கப்படுகிறவர்போல இருந்தார். கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இரண்டு கைகளையும் நீட்டி விரல்களைச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை விடுங்கள், அதனூடாக என் மூக்கைப் பாருங்கள் என்றார். சின்னம்மா பார்த்தார். இப்போது ஓட்டையை மெல்ல உங்கள் முகத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றார். கைகள் நேரே போய் அவருடைய இடக்கண்ணில் நின்றன.

"நீங்கள் இடப்பக்கத்து ஆள், மேடம்" என்றார் கடைக்காரர், சந்தோஷமாக.

"நோ, நோ," என்றார் அப்பா. "ஷீ இஸ் ரைற்."

சின்னம்மா கைகளை இறக்கினார். கிளப்பில் அவருடைய கண்ணாடியின் இடப்பக்கத்தில் இத்தனை மாதமும் அந்தக் கண்ணை மறைக்க ஒரு கடதாசித் துண்டை ஒட்டிவிட்டுத்தான் அவரைச் சுடப் பழக்கினார்கள் என்பது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கடைக்காரர் பின்னறைக்குப் போய், எதையெதையோ நகர்த்திய சத்தத்துக்குப் பிறகு, நாலாவதாக ஒரு துவக்கோடு வந்தார். மற்றவை மாதிரியேதான் அதுவும். ஆனால் தாழ்ப்பாள் இடப்பக்கம் இருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற துவக்குப்போல. இதைக் கேட்டு ஒருவரும் வருவதில்லை, அதனால் மற்ற மூன்றையும்விட விலை குறைவு, தோள்வாரைச் சும்மா தருகிறேன் என்றார்.

சின்னம்மா அதை எடுத்து இடத்தோளில் வைத்தார். கழுத்து அசையவில்லை. கன்னம் தானாகப் போய் மரத்தில் படிந்தது. இடக்கை தாழ்ப்பாளைத் தூக்கியது, இழுத்தது, தள்ளியது, இறக்கியது. வீட்டில் அவர் கறிவேப்பிலை உருவும்போதும் ஊசிக்கு நூல் கோக்கும்போதும் இருந்த ஒரு சின்னத் தயக்கம், நான் அவருடைய சுபாவம் என்று நினைத்திருந்த தயக்கம், அந்தக் கையில் இல்லை.

அப்பா என் தலைக்கு மேலால் தமிழில் தொடங்கினார். கடைக்காரர் நாகரிகமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கலானார்.

"அதை வையும். ஞாயிற்றுக்கிழமை ஆக்கள் வருகினம்."

"வரட்டுமன் அத்தான்."

"துவக்கெண்டால் விளையாட்டெண்டு சொல்லலாம். இதை என்னெண்டு சொல்லுறது? பீச்சாங்கைக்கெண்டு தனியா ஓடர் பண்ணினதெண்டோ? போனமுறை வந்த சம்பந்தம் ஏன் குழம்பினது, மறந்துபோச்சோ உமக்கு?"

மறக்க வழியில்லை. போனமுறை வந்தவர்களுக்குத் தேத்தண்ணியை அவர் இடக்கையால் நீட்டிவிட்டார். அவர்கள் குடித்துவிட்டுத்தான் போனார்கள், ஆனால் திரும்பி வரவில்லை. அதிலிருந்து, ஆட்கள் முன்னால் சின்னம்மா எல்லாவற்றையும் சோற்றுக்கையால் செய்யவேண்டும் என்பது வீட்டுச் சட்டமாக இருந்தது. துவக்கைப் பற்றி ஒரு சட்டமும் இருக்கவில்லை.

"வாறவர் என்னைத்தானே பாக்க வாறார்," என்றார் சின்னம்மா. "இந்தக் கையையும் பாக்கட்டும். பாத்துப் பிடிச்சால் சரி. ஒளிச்சு வைச்சுக் கட்ட எனக்கு ஏலாது."

"பிடிக்காட்டி?"

"பிடிக்காட்டி என்னட்டைத் துவக்கு இருக்கு."

அப்பா திடுக்கிட்டுப் பார்த்தார். சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று சின்னம்மாவுக்கும் விளங்கியிருக்கவேண்டும். "சுடுறதுக்கில்லை அத்தான்," என்று சேர்த்துக்கொண்டார். "கிளப்புக்குப் போறதுக்கு."

அதற்குப் பிறகு அப்பா கொஞ்ச நேரம் நரியைப் பார்த்தபடி நின்றார். அவருக்குள் இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். ஒருவர் மானத்துக்குப் பயந்தவர், மற்றவர் மலிவு விலையைக் கண்டால் விட்டுவர முடியாதவர். வெல்லப்போகிறவர் யாரென்று எனக்கும் தெரிந்திருந்தது. பாயையும் சும்மா தருவீர்களா என்று அவர் கடைக்காரரைக் கேட்டார். தருவதாகச் சொன்னார் கடைக்காரர். வரும் வழியில் காரில் அப்பா ஒரேயொரு நிபந்தனை போட்டார்: ஞாயிற்றுக்கிழமை அந்த இரும்புப் பெட்டி திறபடக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அதைத் திறக்க வைத்தவர் அப்பாதான்.

மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் மட்டும் வந்தார்கள். அக்கா கலகலப்பானவர், வந்தவுடனே குசினிக்குள் போய் வடை பொரிவதைப் பார்த்துவிட்டு வந்தவர். மாப்பிள்ளை ஈஸ்ட் ஹாமில் ஒரு பலசரக்குக் கடையில் பங்கு வைத்திருந்தார். மெல்லிய ஆள். தலையின் ஒரு பக்கத்து மயிரை நீளமாக வளர்த்து, நடுவில் இருந்த வழுக்கைக்கு மேலால் மறுபக்கம் கொண்டுபோய்ப் படியவிட்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் இருந்ததால் அந்த ஏற்பாட்டின் முழு விவரமும் எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

ஊரில் என்ன செய்தீர்கள் என்று அப்பா கேட்டார். "தோட்டம்தான். வெங்காயம், புகையிலை" என்றார் மாப்பிள்ளை. சின்னம்மா தேத்தண்ணித் தட்டைச் சோற்றுக்கையால் கவனமாகப் பிடித்துக் கொண்டுவந்தார். எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. அப்போது அக்கா, தான் புதிதாக வாங்கிய ரீவியின் விலையைச் சொன்னார். அப்பா எங்கள் ரீவியின் விலையைச் சொன்னார். கார் வந்தது, குளிர்பெட்டி வந்தது. ஒவ்வொன்றிலும் அப்பாதான் மலிவு. வெற்றி தலைக்கேறிய ஒரு கணத்தில் அவர் சொன்னார்: "இதெல்லாம் என்ன. போன கிழமை நாங்கள் ஒரு துவக்கு வாங்கினனாங்கள். என்ன விலை எண்டு சொல்லுங்கோ பாப்பம்?"

அம்மாவின் கையில் கரண்டி நின்றது. அக்காவோ கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டார். "லண்டனில துவக்கோ? சும்மா சொல்லாதேங்கோ. காட்டுங்கோ பாப்பம்."

சின்னம்மா எழுந்துபோய், சங்கிலியை வெளியே இழுத்துப் பெட்டியைத் திறந்து கொண்டுவந்தார். அப்பா அதை அவரிடமிருந்து வாங்கி, ஏலத்தில் விற்கிறவர்போல உயர்த்திக் காட்டினார். குழல் எங்கள் வரவேற்பறையை ஒரு சுற்றுச் சுற்றியது. அம்மா, வடைத்தட்டு, அக்காவின் நெற்றி, சுவரில் பிள்ளையார் படம் என்று எல்லாரையும் ஒருமுறை பார்த்தது.

மாப்பிள்ளை அப்போது, பேச்சை மாற்ற அம்மா கேட்ட ஏதோ கேள்விக்கு, ஈஸ்ட் ஹாமில் கார் நிறுத்த இடமில்லாததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே எழுந்தார். உள்ளங்கையால் குழலைத் தொட்டுக் கார்பெற்றை நோக்கி இறக்கினார். துவக்கை அப்பாவிடமிருந்து எடுத்தார். அவருடைய வலக்கை தாழ்ப்பாளைத் தேடிப் போய், வெறும் மரத்தைத் தொட்டு, உடனே மறுபக்கம் சுற்றிவந்தது. தூக்கினார், இழுத்தார், உள்ளே பார்த்தார். பார்த்தது போதாதென்று சின்னவிரலை விட்டுத் தோட்டா இல்லையென்று தடவி நிச்சயப்படுத்தினார். மற்ற விரல்கள் விசைக்குக் கிட்டவும் போகவில்லை. மரத்தோடு நீளமாக ஒட்டிக் கிடந்தன. இவ்வளவும் நடந்து முடிந்தபோது கார் நிறுத்துகிற கதையும் முடிந்திருந்தது. அவர் ஒருமுறைகூடத் தன் கைகளைப் பார்க்கவில்லை.

"இது மற்றப் பக்கமெல்லோ," என்றார், முதல்முறையாகச் சிரித்து. துவக்கைத் திருப்பி, பிடியை முன்னே நீட்டி, சின்னம்மாவின் இடக்கைக்கு நேரே கொடுத்தார். "உங்கட கைக்கெண்டு எடுத்ததோ?"

அப்பா குறுக்கே விழுந்தார். "இல்லையில்லை, வலக்கைத் துவக்கு விலை கூட. இது மலிவாக் கிடைச்சது, அதுதான்..."

"நான் இடக்கை," என்றார் சின்னம்மா.

"ஓம், தெரியுது," என்றார் மாப்பிள்ளை.

அக்கா, தங்கள் பெரியண்ணையும் இடக்கைதான், கிரிக்கெற்றில் அவரை அவுட்டாக்க ஒருவராலும் ஏலாது என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. சின்னம்மா துவக்கைப் பூட்டிவிட்டு வந்து, இரண்டாம்முறை தேத்தண்ணியை இடக்கையால் ஊற்றினார். அவர் இடக்கையால் நீட்டிய கோப்பையை மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கினார். அன்றைக்குச் சின்னம்மா வாசல்வரை போய் அவர்களை வழியனுப்பினார், அது வழக்கமில்லை. அப்பா மட்டும் சோபாவிலிருந்து எழும்பவில்லை. நடுவில் கிடந்த கார்பெற்றைப் பார்த்தபடி இருந்தார். துவக்கைப் பற்றி வாய்விட்டதற்காக அம்மாவிடம் வாங்கப்போகிற பேச்சை எண்ணிப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் பின்னேரம் ரெலிபோன் வந்தது. அக்காதான். அவர்களுக்குப் பூரண சம்மதம். அப்பா எடுத்த குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, பள்ளிக்கூடத்தில் அதிபர்கள் பெற்றோரோடு பேசுகிற குரல். மன்னிக்கவேணும், இது சரிவராது என்றார். பிள்ளை இடக்கை என்பதை நாங்கள் முதலே சொல்லியிருக்கவேண்டும், ஒளித்தது எங்கள் பிழை என்றார். மறுமுனையில் அக்கா, எங்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும், ஏனென்றால் அப்பா, "இப்ப அப்பிடித்தான் சொல்லுவியள், பேந்து மனவருத்தம் வரும்" என்றார். அவர்கள் மறுக்காத ஒன்றை அவர்கள் சார்பில் அவர் மறுத்துக்கொண்டு நின்றார். நீளமாக, மரியாதையாக, வியர்வையோடு.

ரெலிபோனை வைத்ததும் அம்மா அழத் தொடங்கினார். கை அவர்களுக்குப் பரவாயில்லையென்றால் உங்களுக்கென்ன என்று கேட்டார். அப்பா ரெலிபோனை இன்னொருமுறை சரியாக வைத்தார்.

எங்கள் ஊரிலிருந்து சண்டை நடந்த அந்த வருடங்களில் வந்த ஒருவருக்கு, துவக்கை வாங்கியவுடன் பேச்சை நிறுத்தாமலே சின்னவிரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் வெங்காயத் தோட்டத்தில் வந்திருக்க முடியாது என்பதும், அதை ரெலிபோனில் எவருக்கும் சொல்ல முடியாது என்பதும், சொல்லாமல் விலக வீட்டில் கைக்கெட்டிய ஒரே காரணம் சின்னம்மாவின் கை என்பதும் இன்று என்னால் எழுத முடிகிற வசனங்கள். அப்போது நான் சுவரில் சாய்ந்து முந்தினநாள் மிஞ்சிய வடையைத் தின்றுகொண்டிருந்தேன்.

சின்னம்மா மாடிப்படியில், கீழிருந்து மூன்றாவதோ நாலாவதோ படியில், வேலைச் சட்டையைக் கழற்றாமல் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கோபம் இல்லை. சலவைப் பகுதியில் மடித்த துணியை அடுக்குகிற அமைதியோடு சொன்னார்:

"நானும் பாத்தனான்தானே அத்தான்."

அப்பா நிமிர்ந்தார். "பாத்துமோ?"

"பாத்தும்தான்."

அவர் திரும்பி மேலே போனார். அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்தப் பேச்சு அதோடு நின்றது; ஈஸ்ட் ஹாமிலிருந்து பிறகு ரெலிபோன் வரவில்லை. அப்பா கதிரையில் இருந்தபடி, தன்னுடைய இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

எனக்கு அவரில் கோபம் வந்தது. சின்னம்மாவே பார்த்துவிட்டார், பார்த்தும் பரவாயில்லை என்கிறார், பிறகு இந்த மனுசனுக்கு ஏன் இவ்வளவு? வழுக்கை எல்லாருக்கும் வருவதுதானே என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.